பதினாலு வயதில் நெஞ்சின் ஈரம் எங்கே போகிறது?

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு செத்தவீட்டுப் பந்தலுக்குள் வயதானவர்கள் நாலுபேர் சேர்ந்து இருந்தால், தேத்தண்ணி வருவதற்குள் இந்தக் கதை வந்துவிடும்: "இப்பத்தைப் பொடியளுக்கு நெஞ்சில ஈரமில்லை." ஆதாரமும் கைவசம் இருக்கும். பஸ்ஸில் கிழவி ஒருத்தி நின்றுகொண்டு வர, பொடியன் எழும்பவில்லை. தாய் காய்ச்சலோடு அடுப்படியில் நிற்க, மகள் போனை நோண்டிக்கொண்டு இருந்தாள். இப்போது செத்தது சொந்தப் பெரியப்பா, அதற்கும் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. பேச்சு நடக்கும்போதே தேத்தண்ணித் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பவன் பெரும்பாலும் அந்தப் பதினைந்து வயதுப் பொடியன்தான். பந்தல் போட்டதும், உழவு இயந்திரப் பெட்டியில் இருந்து கதிரை இறக்கியதும், இரவிரவாக விழித்திருந்து ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் ஊற்றியதும் அவனும் அவனுடைய கூட்டாளிமாரும்தான். அது யாருடைய கணக்கிலும் வராது.

பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வயதில் ஏதோ மாறத்தான் செய்கிறது. ஆனால் மாறுவது ஈரத்தின் அளவு என்பதைவிட, அது யாருக்குச் சுரக்கிறது, யார் பார்த்திருக்கச் சுரக்கிறது, கண்ணீராக வருகிறதா கைவேலையாக வருகிறதா என்பவைதான் அதிகம் மாறுகின்றன. கடந்த 25 வருட மூளை ஆய்வுகளை வாசித்தால் எனக்குக் கிடைக்கும் படம் இது. வன்னிக்கு இந்தப் படம் இன்னும் ஒரு காரணத்தால் முக்கியம். போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள்தான் இன்று எங்கள் பாடசாலைகளின் மேல் வகுப்புகளில் இருக்கிறார்கள். இவர்கள் ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை. கேட்டு வந்தவர்களால் வளர்க்கப்படுகிறவர்கள்.

முதலில் மூளையைப் பார்ப்போம். ஆறு வயதிலேயே ஒரு பிள்ளையின் மூளை, வளர்ந்தவரின் மூளையில் ஏறத்தாழ 90 வீதப் பருமனை எட்டிவிடுகிறது. அதனால் பதின்ம வயதில் அங்கே பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்றுதான் நீண்டகாலம் நினைத்திருந்தார்கள். 1979இல் பீற்றர் ஹட்டன்லொச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், இறந்தவர்களின் மூளைத் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் வைத்து நரம்பு இணைப்புகளை எண்ணினார். நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியில் சின்னப் பிள்ளைக்கு இருக்கும் இணைப்புகள் வளர்ந்தவருக்கு இருப்பதைவிட மிக அதிகம் என்றும், அவை பதின்ம வயதுவரை குறைந்துகொண்டே போகின்றன என்றும் கண்டார். இருபது வருடம் கழித்து, 1999இல், ஜே கீட் என்பவரின் குழு உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் மூளையை எம்.ஆர்.ஐ ஸ்கானில் திரும்பத் திரும்பப் பார்த்து அதே திசையில் ஒரு முடிவைச் சொன்னது. மூளையின் முன்பகுதியில் சாம்பல் நிறப் பொருள் பெண்பிள்ளைகளுக்கு 11 வயதளவிலும் ஆண்பிள்ளைகளுக்கு 12 வயதளவிலும் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லக் குறைகிறது.

குறைவது என்றால் கெட்டுப்போவது என்று அர்த்தமில்லை. காட்டுக்குள் இருக்கும் ஒற்றையடிப் பாதைகளில் ஆள் நடமாடுகிறவை நிலைத்துக் கிடக்கும், மற்றவற்றைப் பற்றை மூடிவிடும். அதுபோல, பாவிக்கப்படும் இணைப்புகள் தங்குகின்றன, பாவிக்காதவை கழிகின்றன. தங்கியவற்றைச் சுற்றிக் கொழுப்புப் படலம் ஒன்று படிய, செய்தி வேகமாக ஓடுகிறது. இந்த வேலை இருபதுகளிலும் தொடர்கிறது. "மூளை 25 வயதில்தான் முழுமையடையும்" என்று ரிக்ரொக்கில் அடிக்கடி ஒரு வசனம் ஓடும். அப்படி ஒரு கோடு கிடையாது. பகுதிக்குப் பகுதி, ஆளுக்கு ஆள் வேறுபடும்.

எந்தெந்தப் பகுதிகள் கடைசிவரை மாறிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் எங்கள் விசயத்துக்கு முக்கியம். மற்றவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும்போது வேலைசெய்யும் இடங்கள் சில உண்டு: முன்மூளையின் நடுப்பகுதி, காதுக்குச் சற்று மேலே பின்புறமாக உள்ள பகுதி, பக்கமூளையின் நீண்ட மடிப்பு ஒன்று. 2014இல் கத்ரின் மில்ஸ் என்பவரும் குழுவினரும் 7 முதல் 30 வயது வரையானவர்களின் ஸ்கான்களை அடுக்கிப் பார்த்தபோது, இந்த இடங்கள் சிறுவயதிலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரை தொடர்ந்து மெலிந்து வந்தன. ஆக, மனிதரைப் புரிந்துகொள்ளும் பகுதிகள் பதின்ம வயது முழுவதும் தட்டிக் கொட்டிச் சீராக்கப்படுகின்றன.

ஒத்துணர்வு என்று நாங்கள் ஒரே பெயரில் சொல்லுவதற்குள் குறைந்தது இரண்டு வேலைகள் இருக்கின்றன. மற்றவரின் நோவு என் உடம்பிலும் ஒரு திடுக்கை உண்டாக்குவது ஒன்று. அவருடைய இடத்தில் நின்று யோசித்துப் பார்ப்பது மற்றது. முதலாவதைப் பற்றி 2004இல் லண்டனில் தானியா சிங்கர் செய்த பரிசோதனை பேர்போனது. 16 சோடிகளை அழைத்து, பெண்ணை ஸ்கான் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, அவளுடைய கையிலும் பக்கத்தில் இருக்கும் காதலனின் கையிலும் மாறி மாறிச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அவனுக்கு வலிக்கப்போகிறது என்று அறிந்தபோதே அவளுடைய மூளையில் இன்சுலா என்ற மடிப்பின் முன்பகுதியும் சிங்குலேற் என்ற வளைவும் வேலைசெய்தன. வலியின் வேதனையை உணரும் பகுதிகள் அவை. எங்கே வலிக்கிறது என்று அறியும் பகுதிகள் பேசாமல் இருந்தன. (தான் ஒன்றைச் செய்யும்போதும் அதை மற்றவர் செய்வதைப் பார்க்கும்போதும் வேலைசெய்யும் கண்ணாடி நரம்பணுக்கள்தான் இரக்கத்துக்குக் காரணம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுத்து நம்புங்கள். அவை குரங்குகளில் கண்டுபிடிக்கப்பட்டன. மனிதரின் இரக்கம் முழுவதையும் அவற்றின் தலையில் கட்டுவது விஞ்ஞானத்தைவிடப் பட்டிமன்றத்துக்குப் பொருத்தம்.)

இந்தத் திடுக் மிக முந்தியே வந்துவிடுகிறது. பிறந்த பிள்ளை மற்றப் பிள்ளையின் அழுகை கேட்டு அழும். ஒன்றரை வயதுப் பிள்ளை, கீழே விழுந்ததை எடுக்க முடியாமல் தவிக்கும் முன்பின் தெரியாத பெரியவருக்கு எடுத்துக் கொடுக்கும். பதின்ம வயதில் வருவது அந்தத் திடுக்கை என்ன செய்வது என்ற புதிய ஏற்பாடு. 2010இல் ஜோன் டெசெற்றியும் கலினா மிகால்ஸ்காவும் 7 வயது முதல் 40 வயது வரையானவர்களுக்கு மற்றவர் காயப்படும் காட்சிகளைக் காட்டிப் பார்த்தார்கள். வயது குறையக் குறைய, பயத்தைக் கிளப்பும் அமிக்டலா கூடுதலாகத் துடித்தது. வயது கூடக்கூட, முன்மூளை கூடுதலாகப் பங்கெடுத்தது. வயிற்றில் இறங்கும் கலக்கம் குறைந்து, நடந்ததை எடைபோடும் வேலை கூடுகிறது.

இடையில் நிற்பவனுக்கு இரண்டும் அரைகுறை. கலக்கம் இன்னும் பலமாக இருக்கிறது, அதை அடக்கும் பகுதி இன்னும் பழகவில்லை. அளவுக்கு மிஞ்சிய கலக்கம் மனிதரை உதவி செய்ய வைப்பதைவிட அந்த இடத்தை விட்டு ஓட வைக்கிறது என்பது உளவியலில் பலமுறை கண்ட உண்மை. தாய் அழும்போது அறையை விட்டு வெளிக்கிட்டுப் போகும் மகனுக்கு ஒன்றும் தைக்கவில்லை என்று முடிவெடுப்பது சுலபம். தைத்தது தாங்கமுடியாமல் போயிருக்கலாம். செத்தவீட்டில் உள்ளே நின்று ஒப்பாரி கேட்க முடியாத பொடியன் வெளியே கதிரை தூக்குகிறான். கதிரை தூக்குவது அவனால் தாங்கக்கூடிய இரக்கம் என்றுதான் நான் எடுத்துக்கொள்ளுகிறேன்.

இரண்டாவது வேலைக்கு, அதாவது மற்றவரின் இடத்தில் நின்று பார்ப்பதற்கு, வருவோம். இதற்கு நான் வாசித்ததில் மிக அழகான பரிசோதனை ஒரு அலுமாரியை வைத்துச் செய்தது. இரோய்ஸ் டூமொன்ரெய்ல், இயன் அப்பர்லி, சாரா-ஜேன் பிளேக்மோர் மூவரும் 2010இல் வெளியிட்டார்கள். கணினித் திரையில் தட்டுத் தட்டான அலுமாரி. சில அறைகளுக்குப் பின்பக்கம் திறந்திருக்கும், சிலவற்றுக்கு அடைத்திருக்கும். அலுமாரிக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்று கட்டளை சொல்லுவார்: "சின்னப் பந்தை மேல்தட்டுக்கு நகர்த்து." உங்கள் கண்ணுக்கு மூன்று பந்துகள் தெரிகின்றன. ஆகச் சின்னது பின்பக்கம் அடைத்த அறைக்குள் இருக்கிறது, அவருக்கு அது தெரியாது. ஆகவே அவர் சொல்லுவது நடுத்தரப் பந்தை. இதை உணர்ந்து நகர்த்தவேண்டும்.

கேட்கும்போது சின்னப்பிள்ளை விளையாட்டு. ஆனால் வளர்ந்தவர்களே ஏறத்தாழப் பாதித் தடவை பிழைவிடுகிறார்கள். 14 முதல் 17 வயதானவர்கள் அதைவிடக் கூடுதலாக விட்டார்கள். அப்புறம் அந்த மனிதரை எடுத்துவிட்டு, "அடைத்த அறைகளில் உள்ள பொருட்களைத் தொடாதே" என்று வெறும் விதியாகச் சொன்னபோது, அதே பதின்ம வயதினர் வளர்ந்தவர்களுக்குச் சமமாகச் செய்தார்கள். விதியைப் பிடிக்க அவர்களுக்குத் தெரிகிறது. ஞாபகமும் கவனமும் இருக்கின்றன. எதிரில் நிற்பவரின் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதை, யாரும் நினைவூட்டாமல், அந்தக் கணத்தில் தானாகவே செய்யும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

பஸ்ஸில் எழும்பாத பொடியனை இந்த அலுமாரியோடு சேர்த்துப் பார்க்கலாம். "தம்பி, அம்மாவுக்கு இடம் குடுங்கோ" என்று கொண்டக்டர் சொன்னால் உடனே எழும்புகிறான், பெரும்பாலும் வெட்கத்தோடு. எழும்ப மனமில்லாதவன் என்றால் சொன்ன பிறகும் இருந்திருப்பான். கிழவியின் கால் நோவு அவனுடைய கணக்குக்குள் தானாக வந்து விழவில்லை, அவ்வளவுதான். இதற்கு வசவு ஒன்றும் செய்யாது. சொல்லிக்கொடுத்தல் செய்யும்.

ஆண்பிள்ளைகள் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஊரின் முறைப்பாடுகளில் முக்கால்வாசி அவர்கள் மேல்தான். நெதர்லாந்தில் யோலின் வான் டர் கிராஃப் என்பவரின் குழு கிட்டத்தட்ட ஐந்நூறு பிள்ளைகளை 13 வயதிலிருந்து 18 வயதுவரை ஒவ்வொரு வருடமும் கேள்விகேட்டுப் பின்தொடர்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டது. பெண்பிள்ளைகளின் கரிசனை அந்தக் காலம் முழுவதும் உயரத்தில் அசையாமல் நின்றது. ஆண்பிள்ளைகளின் கரிசனை தொடக்கத்திலிருந்து நடுப் பதின்மம் வரை இறங்கி, பிறகு திரும்ப ஏறியது. உடம்பு முந்தி முற்றிய பொடியன்கள் அதே வயதுக் கூட்டாளிகளைவிடக் குறைவான கரிசனையைச் சொன்னார்கள். ஹோர்மோன் பாதி, "ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது" என்ற ஊர்ச்சொல் பாதி என்று நினைக்கத் தோன்றுகிறது. இவை பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன பதில்கள் என்பதையும் மறக்கக்கூடாது. பதினாலு வயதுப் பொடியன் ஒருவன் "மற்றவர் துன்பம் என்னைத் தொடும்" என்ற வசனத்துக்குச் சரி போடுவதற்கே கூச்சப்படுவான். எப்படிப் பார்த்தாலும், இறங்கியது திரும்ப ஏறுகிறது.

இந்த வயதின் இன்னொரு பெரிய சக்தி கூட்டாளிகள். மார்கோ கார்ட்னரும் லோறன்ஸ் ஸ்ரைன்பேர்க்கும் 2005இல் ஒரு கார் விளையாட்டை வைத்துக் காட்டியது பலருக்குத் தெரியும். தனியே விளையாடும்போது ஓரளவு நிதானமாக இருந்த பதின்ம வயதினர், கூட்டாளிகள் பக்கத்தில் நின்று பார்க்கும்போது இரண்டு மடங்கு ஆபத்தை எடுத்தார்கள். வளர்ந்தவர்களில் அப்படி மாற்றம் இல்லை. பிறகு வந்த ஸ்கான் ஆய்வில், கூட்டாளி பார்க்கிறான் என்ற நினைப்பே மூளையின் ஆழத்தில் உள்ள வெகுமதிப் பகுதியைக் கிளப்புவது தெரிந்தது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் றோட்டில் மூன்றுபேர் ஏறிய மோட்டார்சைக்கிளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வு வேண்டாம்.

ஆனால் அதே வெகுமதிப் பகுதி நல்லதற்கும் கிளம்பும் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. யோரியன் வான் ஹோர்ன், ஏவலின் குரோன் முதலியவர்கள் 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் காசுக்குப் பதிலான சில வில்லைகளைக் கொடுத்து, தனக்கு எவ்வளவு, குழுவுக்கு எவ்வளவு என்று பிரிக்கச் சொன்னார்கள். குழுவுக்குக் கொடுத்ததை ஒத்த வயதினர் பெருவிரல் தூக்கிப் பாராட்டினால் அடுத்த முறை இன்னும் கொடுத்தார்கள். தனக்கு எடுத்ததைப் பாராட்டினால் கொடுப்பது குறைந்தது. லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களிடம் லூசி ஃபோக்ஸ் நடத்திய ஆய்வும் (2018) அதையே சொன்னது. "மற்றவர்கள் இவ்வளவு உதவி செய்வார்களாம்" என்று அறிந்தபோது, தன் பதிலை அந்தப் பக்கம் கூடுதலாக மாற்றியவர்கள் சிறுவர்களும் பதின்ம வயதினரும்தான். வயது கூடக்கூட அந்த இழுப்புக் குறைந்தது.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகிறவர்கள் இதை நேரே பார்க்கலாம். நடந்து வரும் சனத்துக்காக றோட்டோரம் தண்ணீர்ப் பந்தல் போட்டு, பரலில் சர்பத் கரைத்து, கப்பில் வார்த்து நீட்டுகிறவர்கள் அந்தப் பதினாலு, பதினைந்து வயதுப் பொடியன்கள். பாட்டு ஒருபக்கம் அலறும். பஸ்ஸை மறித்து உள்ளே ஏறியும் கொடுப்பார்கள். வெயிலில் மணிக்கணக்காக நிற்பார்கள், ஒருவனும் வீட்டில் தாய்க்கு ஒரு செம்புத் தண்ணி எடுத்துக் கொடுத்திருக்கமாட்டான். இதைப் "பகட்டு" என்று தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுடைய மூளை எந்த இடத்தில் திறந்திருக்கிறதோ அந்த வழியால் இரக்கம் வெளியே வருகிறது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சிப் பக்கம் வெள்ளம் ஏறியபோதும், பாடசாலைகளில் தங்கியிருந்த சனத்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி உழவு இயந்திரத்தில் ஏற்றியதில் இந்த வயதினரின் கை பெரியது. தனித்தனியாகக் கூப்பிட்டிருந்தால் எத்தனைபேர் வந்திருப்பார்கள்? விளையாட்டுக் கழகமாகக் கூப்பிட்டபடியால் வந்தார்கள்.

வீட்டுக்குள் நடக்கும் கொடுத்தலைப் பற்றி வேறு ஒரு ஆய்வு உண்டு. இவா ரெல்சர், அன்ரூ ஃபுலிக்னி முதலியவர்கள் அமெரிக்காவில் மெக்சிக்கோ வழிவந்த இளையவர்களையும் ஐரோப்பிய வழிவந்தவர்களையும் ஸ்கானுக்குள் வைத்துப் பண விளையாட்டு ஒன்று ஆடவிட்டார்கள். சில முறை தனக்குப் பணம் வரும். சில முறை தன் பணத்திலிருந்து குடும்பத்துக்குக் கொடுக்கவேண்டிவரும். இரண்டு பகுதியினரும் கொடுத்த தொகை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் குடும்பக் கடமையைப் பெரிதாக எண்ணி வளர்ந்தவர்களின் மூளையில், கொடுக்கும்போது வெகுமதிப் பகுதி கூடுதலாக வேலைசெய்தது. 2014இல் அதே குழு இன்னொன்றைக் கண்டது: குடும்பத்துக்குக் கொடுப்பதில் அந்தப் பகுதி கிளம்பும் பிள்ளைகளின் மனச்சோர்வு அடுத்த ஒரு வருடத்தில் குறைந்தது. தனக்காக ஆபத்தான பந்தயம் பிடிப்பதில் கிளம்பியவர்களின் சோர்வு கூடியது.

இதை வாசித்தவுடன் "பார்த்தீர்களா, எங்கட பண்பாடு" என்று துள்ள வேண்டியதில்லை. வன்னியில் இது இரண்டு பக்கமும் கூர்மையான விசயம். போரில் தகப்பனை இழந்த வீடுகளும், தகப்பன் இருந்தும் உடம்பில் ஷெல் துண்டோடு வேலைசெய்ய முடியாமல் இருக்கும் வீடுகளும் ஏராளம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை விடிய எழும்பித் தம்பிமாரை வெளிக்கிடுத்தி, அம்மம்மாவுக்குப் புண் கழுவி மருந்து கட்டி, பிறகு மூன்று மைல் சைக்கிள் மிதித்துப் பாடசாலைக்கு வருகிறாள். "பொறுப்பான பிள்ளை" என்று எல்லோரும் மெச்சுவார்கள், வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று வகுப்பில் ஏச்சும் விழும். கொடுப்பதில் மகிழ்ச்சி வருவதற்கு, கொடுக்கிறவருக்குக் கொஞ்சமாவது தெரிவு இருக்கவேண்டும். அந்தப் பிள்ளைக்கு இரக்கம் கற்பிக்க வேண்டியதில்லை. அவளுடைய சுமையில் ஒரு பங்கைத் தம்பி எடுக்கப் பழகவேண்டும், அதை அம்மா அனுமதிக்கவேண்டும்.

இனிப் போர். நேரடியாகப் பட்டவர்களைப் பற்றி முதலில். 2009இல் வெளியான ஒரு ஆய்வில், வடகிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டபோது 92 வீதமானவர்கள் குண்டுவீச்சு, ஷெல்லடி, உறவினர் கண்முன்னே சாவது போன்ற ஏதோ ஒன்றைக் கண்டிருந்தார்கள். நாலில் ஒருவருக்கு மனவடுவின் நோய் அறிகுறிகள் முழுமையாக இருந்தன. இப்படிப்பட்ட பிள்ளைகள் இரக்கம் செத்தவர்களாக வளருவார்கள் என்று நினைப்போம். மிக்கால் பவர், ஜோசப் ஹென்ரிக் முதலியவர்கள் ஜோர்ஜியாவிலும் சியரா லியோனிலும் செய்த ஆய்வு (2014) வேறு கதை சொல்லுகிறது. 7 வயதுக்கும் 20 வயதுக்கும் இடையில் போரை அனுபவித்தவர்கள், பிறகு பங்கிடும் விளையாட்டுகளில் தங்கள் கூட்டத்தாரோடு மற்றவர்களைவிடக் கூடுதல் சமத்துவமாக நடந்துகொண்டார்கள். தங்கள் கூட்டத்தாரோடு மட்டும்.

அந்த "மட்டும்" பதின்ம வயதில் எங்கும் வளரும் ஒன்று, போர் அதை ஆழமாக்குகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை, நண்பன், பிடிக்காதவன், தெரியாதவன் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரிப் பங்கிடும் என்றும், வயது ஏற ஏற ஆளைப் பார்த்துக் கொடுப்பது கூடி, நண்பனுக்கே ஆகக் கூடுதலாகக் கொடுக்கிறது என்றும் லைடன் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று (2014) காட்டியது. ஜொனதன் லெவியும் ரூத் ஃபெல்ட்மனும் 2016இல் இஸ்ரேலில் யூத, அரபுப் பதின்ம வயதினருக்கு மற்றவர் காயப்படும் படங்களைக் காட்டி மூளையின் காந்த அலைகளை அளந்தார்கள். கண நேரத் திடுக் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதற்குப் பிறகு நிதானமாக வரும் பதில், காயப்பட்டவர் தன் இனத்தவர் என்றால் வந்தது, மற்றவர் என்றால் அமுங்கிப்போனது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி.

திடுக் இருக்கிறது, பிறகு எங்கேயோ ஒரு கதவு சாத்தப்படுகிறது. அந்தக் கதவைச் சாத்தப் பழக்குகிறவர்கள் பெரியவர்கள். எங்கள் வகுப்பறைகளில் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பல வருடம் கழித்துத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இருக்கிறார்கள். சாதிபார்த்து ஒதுக்கும் வழக்கமும் முழுக்கச் செத்துவிடவில்லை. தரம் ஐந்தில் ஒன்றாகச் சோத்துப் பெட்டியைப் பிரித்த பிள்ளைகள் தரம் ஒன்பதில் தனித்தனி வாங்கில் இருக்கிறார்கள் என்றால், அது வீட்டில் கேட்ட பேச்சு, கூட்டாளிக் குழுவின் சட்டமாக மாறும் வயது.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. கூட்டத்துக்காக எதையும் கொடுக்கத் துடிக்கும் இந்த வயதின் குணத்தை எங்கள் மண்ணில் பெரியவர்கள் முன்பே நன்றாக அறிந்து பயன்படுத்தினார்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும், "வீட்டுக்கு ஒருவர்" என்று கேட்டதும் வன்னியில் நடந்தவை. விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள், பிடித்துக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். விரும்பிப் போன பிள்ளையின் விருப்பத்தில் பாதி, இந்த மூளைப் பருவத்தின் விருப்பம். அதனால்தான் அந்த வயதின் ஈகையைப் பெரியவர்கள் கேட்டு வாங்கும்போது எதற்காகக் கேட்கிறார்கள் என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு வருவோம். கடைசிக்கட்டத்தில் சிக்கி, ஏறத்தாழ மூன்று லட்சம் பேரோடு முகாமுக்குள் இருந்து வெளியே வந்த பெற்றோர் இவர்களை வளர்த்தார்கள். செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி 2010இல் எழுதியபோது, காயம் தனித்தனி ஆளுக்கு மட்டும் இல்லை, ஒருவரை ஒருவர் நம்பும் ஊர் வாழ்க்கைக்கே பட்டது என்றார். ஒத்துணர்வு பழகும் இடம் அந்த ஊர் வாழ்க்கைதான். ஆறுதல் தரும் செய்தியும் உண்டு. வடக்கில் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வில், போரிலும் சுனாமியிலும் அகப்பட்ட பிள்ளைகளில் பெற்றோரின் அன்பான கவனிப்பு இருந்தவர்களுக்கு உள்ளுக்குள் குமையும் பிரச்சினைகள் குறைவாக இருந்தன. அன்பு என்று அங்கே அளந்தது பிள்ளை தன் வாயால் சொன்ன அன்பை. பெற்றோர் மனதுக்குள் வைத்திருந்ததை அளக்க வழியில்லை.

பாடசாலையில் வகுப்பு வைத்து இதைச் சீராக்கலாமா? வீற்சே ரொல் என்பவரும் குழுவினரும் வட இலங்கையில் 399 பிள்ளைகளுடன் அதைச் சோதித்தார்கள் (2012). ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள், விளையாட்டு, நாடகம், கதை. எதிர்பார்த்த பெரிய பலன் வரவில்லை. முரட்டு நடத்தை குறைந்தது. உதவும் நடத்தை கூடியது வயது குறைந்த பிள்ளைகளில்தான் கூடுதலாகத் தெரிந்தது. பெண்பிள்ளைகளில் வடு அறிகுறிகள், அமர்வுக்கு வராதவர்களைவிட மெதுவாகத்தான் குறைந்தன. அப்போதும் தொடர்ந்த போர் நெருக்கடிகள் குறைவாக இருந்தவர்களுக்குப் பலன் கூட. நல்ல மனத்தோடு வகுப்பெடுக்க வருகிறவர்கள் இந்த முடிவை ஒருமுறை வாசித்துவிட்டு வந்தால் நல்லது.

வன்னியில் இப்போது நடப்பது இன்னொரு விதம். சாதாரண தரப் பரீட்சை நெருங்க நெருங்க, படிக்கிற பிள்ளையை எல்லாவற்றிலிருந்தும் விலக்கிவிடுகிறோம். "அவள் படிக்கிற பிள்ளை, விடுங்கோ." கோயில் சிரமதானம் வேண்டாம், அயலுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம், அருவி வெட்டு நாளில் வயலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோக வேண்டாம். ரியூசனுக்குப் போய் வந்தால் போதும். எல்லாவற்றையும் இழந்த பெற்றோர் பிள்ளையின் படிப்பைக் கெட்டியாகப் பிடிப்பதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மற்றவரின் இடத்தில் நின்று பார்க்கும் பகுதிகள் பழக்கத்தால் செதுக்கப்படும் காலத்துக்குள்தான் இந்த 14இலிருந்து 17 வரையும் வருகிறது. அந்த மூன்று வருடத்தையும் மேசைக்கும் ரியூசன் கொட்டிலுக்கும் இடையில் விட்டுவிட்டு, வளாகத்துக்குப் போன பிறகு "ஊரை மறந்திட்டான்" என்கிறோம்.

படிக்காத பிள்ளை என்று பேர்வாங்கியவனுக்கு நடப்பது இதற்கு எதிர்மாறு. முரண்டு பிடிக்கிறான், எதிர்த்துக் கதைக்கிறான், அழுத பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான் என்று தரம் 9இலும் 10இலும் பெற்றோரைக் கூப்பிட்டு, சாடைமாடையாக "வேற இடம் பாருங்கோ" என்று சொல்லிவிடுகிறார்கள். இலங்கையில் 16 வயதுவரை கல்வி கட்டாயம். இருந்தும் அந்த வயதில் மெல்ல நின்றுவிடுகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கத்தான் செய்கிறார்கள். நெதர்லாந்து ஆய்வில் ஆண்பிள்ளைகளின் கரிசனை இறங்கும் காலத்துக்குள்தான் அந்தப் பதினாலு, பதினைந்தும் வருகிறது. அது திரும்ப ஏறத் தொடங்கும்போது, அந்தப் பொடியன்களில் சிலர் வகுப்பில் இல்லை. மேசன் வேலைக்குப் போய்விட்டார்கள், அல்லது மணல் ஏற்றும் உழவு இயந்திரத்தில் நிற்கிறார்கள்.